ஜெர்மனியில் இருந்தபடி தனித்தொழில்: பில் யார் பெயரில், பணம் எந்தக் கணக்கில்?

வாசகி கேட்கிறார்: கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கிராமம் என் சொந்த ஊர். கோவையில் ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம்) போடும் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கணவர் ப்ளூ கார்டு என்னும் வேலை அனுமதியில் ஸ்டுட்கார்ட் அருகே மென்பொருள் வேலையில் இருக்கிறார். நானும் நான்கு வயது மகளும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குடும்ப இணைப்பு விசாவில் இங்கு வந்தோம். இப்போது என் பழைய நிறுவனம், வீட்டிலிருந்தபடியே பேட்டர்னும், அதைப் பல சைஸ்களுக்கு மாற்றும் கிரேடிங்கும் செய்து தரச் சொல்கிறது. இங்குள்ள ஒரு சிறிய குழந்தைகள் ஆடை நிறுவனமும் அதே வேலைக்குக் கேட்கிறது. மணிக்கு 12 யூரோ சொல்லலாம் என்றிருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் அண்ணன், "உன் பெயரில் எதுவும் வேண்டாம், என் கம்பெனி பெயரில் பில் போட்டு என் கரண்ட் அக்கவுண்டில் வாங்கிக்கொள்ளலாம், சேர்ந்ததும் ஊரில் தோட்டம் வாங்கிப் போடலாம்" என்கிறார். இல்லாவிட்டால் திருப்பூரில் உள்ள என் பழைய சேமிப்புக் கணக்கிலேயே வாங்கலாமா? ஆண்டுக்கு 12,000 யூரோவுக்குக் கீழே இருந்தால் இங்கு வரியே இல்லை என்று தோழிகள் சொல்வது சரியா? கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஊருக்கு வரும்போது அங்கிருந்து வேலை செய்யலாமா? கணவரும் சனி, ஞாயிறுகளில் தனியாக மென்பொருள் வேலை எடுக்க நினைக்கிறார், எடுக்கலாமா?

ஆடிட்டர் பதில்:

உங்கள் கேள்விகள் பெரும்பாலும் வரியைச் சுற்றியே இருக்கின்றன. மருத்துவக் காப்பீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் உங்கள் வருமானத்தைக் கரைக்கப்போவது முதலில் காப்பீடு, அதற்குப் பிறகுதான் வரி. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் அடிப்படை ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் திருப்பூரில் இருந்தாலும், பணம் ரூபாயில் வந்தாலும், நீங்கள் ஸ்டுட்கார்ட் வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை ஜெர்மனியில் செய்யப்படும் வேலைதான். அந்த வருமானத்தின் மீது முதல் உரிமை அந்த நாட்டுக்கே உண்டு. லேப்டாப்பில் செய்யும் வேலைக்கு ஊர் கிடையாது என்ற எண்ணத்தோடு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். வரி அதிகாரிகள் யாரும் அப்படி எண்ணுவதில்லை.

வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பது முதல் படி. உங்கள் வதிவிட அட்டையிலோ, அதனுடன் தந்திருக்கும் இணைப்புத் தாளிலோ "எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லாவுப்ட்" (தொழில் செய்ய அனுமதி உண்டு) என்று அச்சிட்டிருக்கும். குடும்ப இணைப்பில் வந்தவர்களுக்கு இந்த வாசகம் சம்பள வேலையையும் சுயதொழிலையும் சேர்த்தே அனுமதிக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் கணவரை விட உங்களுக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இது ஜெர்மனிக்கு மட்டும் பொருந்தும். சிங்கப்பூரில் குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் 2021 மே 1 முதல் வேலை செய்யத் தனியாக அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவில் அதே போன்ற எச்-4 விசாவில் இருப்பவர் வேலைக்கான அங்கீகார அட்டை இல்லாமல் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. நாத்தனார் டல்லாஸில் செய்வதைப் பார்த்து ஸ்டுட்கார்ட்டிலும், ஸ்டுட்கார்ட்டில் செய்வதைப் பார்த்து டல்லாஸிலும் செய்யாதீர்கள்.

இனி உங்கள் அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் பக்கத்துக் குடும்பங்களில் இப்படித்தான் பல காரியங்கள் நடந்துவந்திருக்கின்றன. ஒருவர் பெயரில் பில், இன்னொருவர் பெயரில் நிலம், கணக்கு வாய்ப்பேச்சில். ஆனால் இரண்டு நாடுகள் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த முறை தாங்காது. ஜெர்மன் நிறுவனம் உங்கள் அண்ணன் கம்பெனிக்குப் பணம் செலுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் அதைத் தன் வருமானமாகக் காட்டி இந்தியாவில் வரி கட்டிவிடுவார். ஆனால் மின்னஞ்சல் போக்குவரத்து, பேட்டர்ன் கோப்புகள், வீடியோ பேச்சு எல்லாம் உங்களிடமிருந்தே போகின்றன. நாளைக்கு அந்த ஜெர்மன் நிறுவனத்தின் கணக்கைச் சோதிக்கும் அதிகாரி, வேலை செய்தவர் தன் வரி எல்லைக்குள் இருப்பவர் என்று கண்டுகொண்டால், அதே தொகைக்கு உங்களிடம் வரி கேட்பார். அப்போது "இந்தியாவில் ஏற்கெனவே வரி கட்டியாகிவிட்டது" என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் கட்டியது உங்கள் அண்ணன். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் ஒரே ஆள் இரண்டு நாட்டில் கட்டும் வரிக்குத்தான் கழிவு தருகிறது. அண்ணன் கட்டியதைத் தங்கை கழித்துக்கொள்ள அதில் இடமில்லை.

பணம் அண்ணனிடமிருந்து உங்களிடம் வந்து சேரும் வழியும் எளிதல்ல. அன்பளிப்பு என்று அனுப்பினால், ஜெர்மனியில் உடன்பிறந்தவரிடமிருந்து பெறும் அன்பளிப்புக்குப் பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்து 20,000 யூரோ வரைதான் வரிவிலக்கு. பெற்றோர் தந்தால் வரம்பு பல மடங்கு உயரும். அண்ணன் தம்பி தந்தால் இவ்வளவுதான். செய்த வேலைக்கான கூலியை அன்பளிப்பு என்று எழுதுவதே பொய் என்பது தனி விஷயம்.

தோட்டம் வாங்கும் யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ, தோட்டப் பயிர் நிலத்தையோ, பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம், ஊரில் இருந்தபோது வாங்கியதையும் வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்க முடியாது. அதனால்தான் அண்ணன் தன் பெயரில் வாங்கலாம் என்கிறார் போலும். உங்கள் பணத்தில் அண்ணன் பெயரில் மட்டும் பத்திரம் முடிந்தால் அது 1988ஆம் ஆண்டு பினாமி தடைச் சட்டத்தின் கீழ் வருகிறது. உடன்பிறந்தவர்களுக்கு அந்தச் சட்டம் தரும் விலக்கு, பத்திரத்தில் இருவர் பெயரும் கூட்டு உரிமையாளர்களாக இருந்தால்தான் பொருந்தும். ஆனால் விவசாய நிலத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் செலாவணிச் சட்டம் விடாது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் தப்பிக்கச் சந்து ஏதும் இல்லை. 2016இல் திருத்தப்பட்ட பிறகு இந்தச் சட்டத்தில் சொத்துப் பறிமுதலும் சிறைத் தண்டனையும் உண்டு. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், அம்மணி, அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்ற தங்கை, பத்து ஆண்டு கழித்து அதே அண்ணனிடம் "என் பணம் எவ்வளவு" என்று கணக்குக் கேட்கும் நிலைமை எனக்குப் புதிதல்ல. அந்தப் பேச்சில் அண்ணியும், வளர்ந்துவிட்ட பிள்ளைகளும், கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கியும் உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணனுடைய கம்பெனியை நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஜெர்மன் நிறுவனம் சாம்பிள் தைப்பதையும் உற்பத்தியையும் அண்ணனிடம் ஒப்படைக்கட்டும். அதற்கான பில் அவர் பெயரில் இருக்கட்டும். பேட்டர்ன் வேலைக்கு நீங்கள் உங்கள் பெயரில் தனி பில் கொடுங்கள். அவரவர் செய்த வேலைக்கு அவரவர் பில் என்றால் யாரும் எந்த அதிகாரிக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

திருப்பூரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கை நீங்கள் இன்னும் மாற்றவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. வெளிநாட்டில் குடியேறியவர் உள்நாட்டவருக்கான சாதாரணச் சேமிப்புக் கணக்கைத் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதனுடன் ஓர் என்.ஆர்.இ. கணக்கும் தொடங்குங்கள். ஊரிலிருந்து கிடைக்கும் ரூபாய் வரவு என்.ஆர்.ஓ.வுக்கும், ஜெர்மனியிலிருந்து நீங்கள் அனுப்பும் பணம் என்.ஆர்.இ.க்கும் போகும். இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியருக்கு இந்தியாவில் ஈட்டிய வருமானத்துக்கும், இந்தியாவில் முதன்முதலாகப் பெற்ற வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு. ஜெர்மன் நிறுவனம் உங்கள் கட்டணத்தை நேராகத் திருப்பூர் கணக்குக்கு அனுப்பினால், இந்தியாவோடு தொடர்பே இல்லாத அந்த வருமானம் "இந்தியாவில் பெறப்பட்டது" என்ற ஒரே காரணத்தால் இங்கும் வரிவலைக்குள் வந்துவிடுகிறது. அதே பணத்தை ஜெர்மன் வங்கிக் கணக்கில் வாங்கி, பிறகு நீங்களே என்.ஆர்.இ.க்கு அனுப்பினால் அது வெறும் பணப் பரிமாற்றம். வரிக்குரிய வருமானம் அல்ல. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் ஜெர்மனியில் குடியிருக்கும் வரை அதை அங்கே காட்ட வேண்டும். அங்கே முதலீட்டு வருமானத்தில் தம்பதிக்கு ஆண்டுக்கு 2,000 யூரோ வரை விலக்கு உண்டு, அதற்கு மேல் சுமார் கால் பங்கு வரி. இரண்டு நாடுகளும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்வதால், காட்டாமல் விட்டால் தெரியாது என்று எண்ண வேண்டாம்.

திருப்பூர் நிறுவனம் உங்களுக்குக் கட்டணம் தரும்போது, வெளிநாட்டில் வசிப்பவருக்குத் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் தருவதாக எடுத்துக்கொண்டு வரிப்பிடித்தம் செய்ய நேரலாம். நம் உள்நாட்டுச் சட்டப்படி அதற்கான வீதம் 20 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். இந்தியா-ஜெர்மனி ஒப்பந்தப்படி 10 சதவீதம். ஒப்பந்தச் சலுகையைப் பெற, நீங்கள் அங்கே வரி செலுத்தும் குடிவாசி என்ற சான்றை ஜெர்மன் வரி அலுவலகத்திடம் வாங்கி, அதனுடன் நம் வருமான வரித் துறையின் இணையதளத்தில் உரிய படிவத்தையும் பதிவு செய்து, பான் எண்ணோடு திருப்பூர் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். தனிநபர் செய்யும் தொழில்முறைச் சேவைக்கான தனிப் பிரிவு பொருந்தும் என்றும், ஆகவே பிடித்தமே தேவையில்லை என்றும் வாதிட இடம் உண்டு. ஆனால் உங்கள் பழைய முதலாளியின் ஆடிட்டர் அந்த வாதத்தை ஏற்றுத் தன் கட்சிக்காரரை ஆபத்தில் வைப்பார் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன். 10 சதவீதம் போகும் என்றே கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை வீணாகாது. பிடித்தச் சான்றை வைத்து ஜெர்மன் வரியில் கழித்துக்கொள்ளக் கோரலாம். உங்கள் பில்லுக்கு அவர்கள் இங்கே 18 சதவீத ஜி.எஸ்.டி.யைத் தாங்களே எதிர்க்கட்டண முறையில் கட்டி, உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வார்கள். அதைக் காரணம் காட்டி உங்கள் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜெர்மனியில் பதிவு செய்யும் வேலை பெரிதல்ல. தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள், எல்ஸ்டர் என்னும் வரித்தளத்தில் பதிவுப் படிவத்தை நிரப்ப வேண்டும். அந்தத் தளத்துக்குள் நுழைவதற்கான குறியீடு தபாலில் வந்துசேர நாளாகும் என்பதால் முதலில் அதைத் தொடங்கிவிடுங்கள். அங்கே சுயதொழில் இரு வகைப்படும். வடிவமைப்பு, எழுத்து, மொழிபெயர்ப்பு, கற்பித்தல் போன்றவை சுதந்திரத் தொழில்கள். மற்றவை வணிகத் தொழில்கள். நீங்களே ஆடையை வடிவமைத்தால் முதல் வகை. வேறொருவர் வரைந்ததற்குப் பேட்டர்னும் கிரேடிங்கும் மட்டும் செய்தால், வணிகம் என்று வரி அலுவலகம் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும் பதற வேண்டாம். நகராட்சியில் ஒரு பதிவு கூடுதல், தொழில் வரியோ ஆண்டு லாபம் 24,500 யூரோவைத் தாண்டினால்தான். விற்பனை வரியில், முந்தைய ஆண்டு விற்றுமுதல் 25,000 யூரோவுக்கு மேற்படாதவர்களுக்குச் சிறுதொழில் சலுகை உண்டு. அதை எடுத்துக்கொண்டால் 19 சதவீத வரியைப் பில்லில் சேர்க்க வேண்டியதில்லை, அப்படிச் சேர்க்காததற்கான காரணத்தைப் பில்லில் ஒரு வரியாக எழுத வேண்டும். பில்லில் தொடர் எண், தேதி, வேலை செய்த காலம், வரி எண், இருவர் முகவரி ஆகியவை இருக்கட்டும். உங்கள் கணவர் சம்பள வரிக் கணக்கைச் சம்பளதாரர் உதவிச் சங்கம் ஒன்றின் மூலம் தாக்கல் செய்பவரானால், உங்கள் சுயதொழில் தொடங்கியதும் அவர்களால் அதைச் செய்ய முடியாது, சட்டம் அனுமதிப்பதில்லை. ஒரு வரி ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது காப்பீடு. உங்கள் கணவர் பொதுக் காப்பீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். அவர் தனியார் காப்பீட்டில் இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குப் பொருந்தாது. பொதுக் காப்பீட்டில் இருப்பவரின் மனைவிக்கும் பிள்ளைக்கும் கட்டணமில்லாமல் குடும்பக் காப்பீடு கிடைக்கிறது. 2026ஆம் ஆண்டில் மனைவியின் மாத வருமானம் 565 யூரோவைத் தாண்டினால் அது நின்றுவிடும். வருமானம் குறைவாக இருந்தாலும், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அதையே முழுநேரத் தொழிலாகக் கருதிக் காப்பீட்டு நிறுவனம் நிறுத்தக்கூடும். அதன் பிறகு நீங்கள் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாலும், மாதம் சுமார் 1,318 யூரோ சம்பாதிப்பதாக வைத்தே கட்டணத்தைக் கணக்கிடுவார்கள். முதுமையிலும் நோயிலும் கவனித்துக்கொள்ள ஆகும் செலவுக்கான பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 270 யூரோ ஆகிறது.

இதை உங்கள் 12 யூரோவோடு சேர்த்துப் பாருங்கள். மகள் மழலையர் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மாதம் 60 மணி நேரம் வேலை செய்ய முடியும் என்று கொள்வோம். வரவு 720 யூரோ. மென்பொருள் உரிமம், இணையம், மற்றவை என்று 60 யூரோ போனால் 660. இது 565ஐத் தாண்டியதால் காப்பீட்டுக்கு 270 போகிறது, மீதி 390. அதில் கணக்குக்காக 30 சதவீதம் வரி என்று வைத்தால் கையில் நிற்பது சுமார் 273 யூரோ. மணிக்கு 5 யூரோகூடத் தேறவில்லை. அந்த நாட்டில் 2026இல் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ, அதுவும் காப்பீட்டில் பாதியை முதலாளி கட்டும் தொழிலாளிக்கு. 12 யூரோ என்பதை ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று திருப்பூர்க் கண்ணால் பார்த்ததால்தான் அது பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

அதே 60 மணி நேரத்துக்கு 40 யூரோ வாங்கினால் வரவு 2,400. செலவு 100, காப்பீடு சுமார் 470, மீதியில் 30 சதவீதம் வரி போனாலும் கையில் 1,280 யூரோவுக்குக் குறையாது. எட்டு ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் 40 யூரோ கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. அந்த நிறுவனம் முடியாது என்றால், அதே 40 யூரோ வீதத்தில் மாதம் 14 மணி நேரம் மட்டும் செய்து 565க்குள் நின்று குடும்பக் காப்பீட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று வரம்புக்குள் நில்லுங்கள், அல்லது அதை நன்றாகத் தாண்டுங்கள். அதைச் சற்றே தாண்டி நிற்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். வடிவமைப்பு வேலையே பெரும்பங்கு என்றால் கே.எஸ்.கே. எனப்படும் கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியத்தில் விண்ணப்பியுங்கள். ஏற்றுக்கொண்டால் மருத்துவம், பராமரிப்பு, ஓய்வூதியம் மூன்றுக்குமான கட்டணத்தில் ஏறத்தாழப் பாதியை அது ஏற்கும். மலிவான தனியார் காப்பீடு என்று யாராவது வந்து கையெழுத்துக் கேட்டால் அன்றைக்கே போட்டுவிடாதீர்கள். அதிலிருந்து பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது எளிதல்ல. 55 வயதுக்கு மேல் ஏறக்குறைய முடியாத காரியம்.

12,000 யூரோ வரை வரி இல்லை என்று தோழிகள் சொன்னது பாதி உண்மை. 2026இல் ஒருவருக்கான வரிவிலக்கு வரம்பு 12,348 யூரோ, தம்பதியாகச் சேர்ந்து கணக்குக் காட்டினால் 24,696. ஆனால் சேர்ந்து காட்டும்போது அந்த 24,696ஐக் கணவரின் சம்பளமே நிரப்பிவிடுகிறது. உங்கள் முதல் யூரோவே அவருடைய சம்பளத்தின் மேல் அடுக்கில் ஏறி உட்காரும், அந்த அடுக்கின் வீதத்தில் வரியும் விழும். தனித்தனியாகக் காட்டினால் உங்கள் விலக்கு உங்களுக்கு முழுதாகக் கிடைக்கும், கணவரின் வரி அதைவிட அதிகமாக உயரும். பெரும்பாலான குடும்பங்களுக்குச் சேர்ந்து காட்டுவதே லாபம். முதல் ஆண்டில் வரி அலுவலகம் எதுவும் கேட்காமல் இருக்கலாம். கணக்குத் தாக்கல் செய்த பிறகு, கடந்த ஆண்டின் வரியும் நடப்பு ஆண்டுக்கான காலாண்டு முன்வரியும் ஒன்றாக வரும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் 10ஆம் தேதி அதற்கான கெடு. ஆகவே ஒவ்வொரு வரவிலும் மூன்றில் ஒரு பங்கை வேறொரு கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். அது உங்கள் பணம் அல்ல.

ஒரே வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருந்தால் வேறு சிக்கல் உண்டு. வருமானத்தில் ஆறில் ஐந்து பங்கு ஒருவரிடமிருந்தே வருமானால் நீங்கள் கட்டாய ஓய்வூதியக் காப்பீட்டுக்குள் வருவீர்கள், வீதம் 18.6 சதவீதம். தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகளுக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், கேட்காவிட்டால் கிடைக்காது. திருப்பூர், ஜெர்மனி என இரு பக்கமும் உங்களுக்கு வாடிக்கையாளர்கள் இருப்பது இந்த வகையில் நல்லதே. அங்குள்ள நிறுவனம் "காலை ஒன்பது மணிக்கு ஆன்லைனில் இருக்க வேண்டும், விடுமுறைக்கு அனுமதி கேட்க வேண்டும்" என்று சொல்லத் தொடங்கினால், அது சுயதொழில் வேடம் போட்ட சம்பள வேலை. அந்த நிலையில் இது சுயதொழிலா, சம்பள வேலையா என்று ஓய்வூதிய நிறுவனத்திடம் நிலை நிர்ணயம் கேளுங்கள், அல்லது நேராகச் சம்பள வேலையாகவே கேளுங்கள். பகுதிநேரச் சம்பள வேலையானால் காப்பீட்டில் பாதியை அவர்கள் ஏற்பார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய வாசகம் பொறுப்பு பற்றியது. பேட்டர்ன் வேலையில் ஒரு தவறு எப்படிப் பெருகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குழந்தை பனியனில் கழுத்து அளவு அரை சென்டிமீட்டர் குறைந்தால் தலை நுழையாது. சாம்பிளில் கண்டுபிடித்தால் ஒரு பீஸோடு போகும். கட்டிங் முடிந்து தையலுக்குப் பவர் டேபிளுக்குப் போன பிறகு கண்டுபிடித்தால் லாட் முழுவதும் போகும், துணி விலையோடு. உங்கள் கட்டணம் சில நூறு யூரோ, அவர்கள் கேட்கும் நஷ்டஈடு பல லட்சம் ரூபாய் என்ற நிலை வரக்கூடாது. அளவு சாம்பிளைத் தைத்துப் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே உற்பத்திக்குப் போக வேண்டும், ஒப்புதலுக்குப் பிறகு வரும் நஷ்டத்தில் உங்கள் பொறுப்பு அந்த வேலைக்கான கட்டணத்தைத் தாண்டாது என்று இரண்டு வாக்கியங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பு வரம்பைக் கட்டும் வாசகம் ஜெர்மன் சட்டத்தில் செல்ல வேண்டுமானால் சொல்லமைப்பு முக்கியம்; அதை மட்டும் அங்குள்ள வழக்கறிஞரிடம் காட்டி வாங்குங்கள். தொழில் பொறுப்புக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையரின் டெக் பேக்கிலிருந்து (ஆடையின் அளவு, தையல் விவரக் குறிப்பு) எடுத்த அளவுகளை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை என்பதை இரு வாடிக்கையாளருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் பெறும் முறையில் திருப்பூர் வழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள்: புது வாடிக்கையாளரிடம் பாதி முன்பணம், மீதி பில் தேதியிலிருந்து 14 நாளில். தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் கடன் என்பது துணி வியாபாரிக்குச் சரி, தனியாளுக்குச் சரிப்படாது.

கோடையில் கோபிக்கு வந்து அம்மா வீட்டிலிருந்து வேலை செய்வதில் தவறில்லை. இந்தியக் குடியுரிமை உள்ள நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து போகும் ஆண்டில், 182 நாள்களுக்குக் குறைவாக இங்கே தங்கினால் வெளிநாடுவாழ் இந்தியராகவே இருப்பீர்கள்; இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்களுக்கு மட்டும் அந்த வரம்பு 120 நாள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தாலும் இந்த நாள் கணக்கு மாறவில்லை. இங்கே இருக்கும் நாள்களில் ஜெர்மன் நிறுவனத்துக்குச் செய்யும் வேலையைப் பொறுத்தவரை, தனிநபர் தொழில்முறைச் சேவைக்கு ஒப்பந்தம் வைத்திருக்கும் வரம்பு 120 நாள், அல்லது இங்கே நிலையான தொழிலிடம். அம்மா வீட்டுத் திண்ணையும் இரண்டு மாதமும் அந்த வரம்பைத் தொடாது. கவனிக்க வேண்டியது காப்பீடுதான்: ஜெர்மன் பொதுக் காப்பீடு இந்தியாவில் செல்லாது, ஆகவே உங்களுக்கும் மகளுக்கும் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டே விமானம் ஏறுங்கள். வரும்போது பாஸ்போர்ட், வதிவிட அட்டை, பான் அட்டை ஆகியவற்றின் நகல்களோடு வங்கிக் கிளைக்குப் போய்ச் சேமிப்புக் கணக்கை மாற்றும் வேலையையும் முடித்துவிடலாம், ஆனால் அதற்காகக் கோடை வரை காத்திருக்காதீர்கள்; பல வங்கிகள் தபாலிலேயே செய்து தருகின்றன.

உங்கள் கணவர் விஷயம் வேறு. ப்ளூ கார்டு சம்பள வேலைக்காகத் தரப்பட்டது. சனி, ஞாயிறுகளில் ஆனாலும் சரி, ஊர் நண்பரின் கம்பெனிக்கு ஆனாலும் சரி, சுயதொழிலாக ஒரு பில் போடுவதற்கு முன்பு அவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்க வேண்டும். நிரந்தர வதிவுரிமை கிடைத்துவிட்டால் இந்த அனுமதி தேவையில்லை. ப்ளூ கார்டில் இருப்பவருக்கு அது 27 மாதத்தில், பி1 என்னும் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் தெரிந்திருந்தால் 21 மாதத்திலேயே கிடைக்கும். இரண்டு ஆண்டுகளாக அங்கே இருப்பவர் அந்தத் தேதியை ஏறக்குறைய எட்டியிருப்பார். வேலை ஒப்பந்தத்தில் பக்கத்தொழில் பற்றிய பிரிவு இருக்கிறதா என்று பார்த்து முதலாளிக்கும் தெரிவிக்க வேண்டும். அவர் செய்யும் வேலைக்கு உங்கள் பெயரில் பில் போட்டுப் பணம் வாங்கலாமே என்ற எண்ணம் உங்களில் யாருக்காவது வந்தால், அவரவர் செய்த வேலைக்கு அவரவர் பில் என்று மேலே சொன்னது அதற்கும் பொருந்தும்.